குவியாத சுற்றுகளும் மூடாத புகார்களும்

பிறருடைய மின்சுற்றுகள் ஏன் பிடிவாதம் பிடிக்கின்றன என்று விசாரிப்பது என் தொழில். பிடிவாதம் பெரும்பாலும் சுற்றினுடையது அல்ல என்பதை மரியாதையாகச் சொல்லத் தெரிந்தால்தான் இதில் நீடிக்க முடியும்.

தி. நகரில், துணிக்கடைகளின் இரைச்சல் எட்டாத ஒரு தெருவில், இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். மின்சுற்றுகளைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளை விற்கிறோம். ஓட்டச் சொன்னதும் அந்த மென்பொருள் செய்யும் முதல் வேலை ஒன்று உண்டு. சுற்றுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் நிலைகொள்ளும் என்று அது கண்டுபிடிக்க வேண்டும். இதை ஆப்பரேட்டிங் பாயின்ட் என்கிறோம். ஒரே கணக்கில் கிடைத்துவிடும் விடை அல்ல இது. மென்பொருள் ஊகிக்கும், சரிபார்க்கும், ஊகத்தைத் திருத்தும், மறுபடி சரிபார்க்கும். ஊகங்கள் ஒன்றையொன்று நெருங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் விடை குவிந்தது, அலுவலக மொழியில் ‘கன்வர்ஜ் ஆயிடுச்சு’. நிற்காவிட்டால் திரையில் ஒரு சிவப்பு வரி வரும். அந்த வரியைக் கண்டவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் அந்தச் சிவப்பு வரியின் முன்னால், எதிரே காபி ஆறுவதும் தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். எதையும் மாற்றாமல் ‘ஓட்டு’ என்பதை இன்னொரு முறை அழுத்தியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அழுத்தியிருக்கிறேன்.

பச்சைப் பொத்தான்

சென்ற ஆண்டு வந்த புதிய பதிப்பில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதன்மேல் ‘சரிசெய்’ என்று எழுதியிருக்கும். அழுத்தினால் சிவப்பு வரி மறைந்து விடை வந்துவிடும். எப்படி வருகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பைப் பொத்தான் சத்தமில்லாமல் தளர்த்துகிறது. அது போதாவிட்டால், ஒவ்வொரு முனையிலிருந்தும் தரைக்கு, அதாவது சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கு, மிக மெல்லிய கசிவுப் பாதை ஒன்றைக் கட்டிவிடுகிறது. இவை தவறான உத்திகள் அல்ல. நானே தினமும் கையாள்பவைதான். ஆனால் கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல, விடை வந்ததும் கசிவைப் பிரித்துவிட்டு, விடை அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தான் சாரத்தைப் பிரிப்பதில்லை. கட்டியதாகச் சொல்வதும் இல்லை.

எங்கள் மேலாளர் சேகர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நல்லவர், வரைபடங்களில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். ஆறு மாதம் சோதனைக் காலம் என்று அறிவித்தார். வருகிற புகார் ஒவ்வொன்றையும் முதலில் பொத்தானால் தீர்த்து, இரண்டு நாளுக்குள் மூடிவிட வேண்டும். எண்ணிக்கை நன்றாக வந்தால் இந்த உதவி இருக்கை, அதாவது என் நாற்காலி, தேவைப்படாது. நான் விற்பனைப் பிரிவில் படம் காட்டப் போகலாம். மூடும் படிவத்தின் அடியில் என் பெயர் வருகிறது என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். என் பெயர் போட்டுப் போகிற விடையை நான் சரிபார்க்காமல் அனுப்ப மாட்டேன், இரண்டு நாளானாலும் இருபது நாளானாலும் சரி என்றேன். சேகர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மேடம், கஸ்டமர் பதில்தான் கேக்கறாங்க, சரியான பதிலான்னு யாரும் கேக்கலையே.”

மூன்று தரைகள்

சோதனைக் காலத்தின் முதல் புகார் மயிலாப்பூரிலிருந்து வந்தது. வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர். கச்சேரிப் பதிவுகளைத் தம் கையால் செய்த ஆம்ப்ளிஃபயரில்தான் கேட்பார். கடையில் வாங்கியதை மதிக்க மாட்டார். புதிதாக வரைந்த சுற்று குவியவில்லை, பொத்தானை அழுத்தியிருக்கிறார், விடை வந்துவிட்டது. அந்த விடையின்படி ஸ்பீக்கர் முனையில் சும்மா இருக்கும்போதே பதினொரு வோல்ட். “இதை அப்படியே கனெக்ட் பண்ணினா ஸ்பீக்கர் கருகிடும்மா. உங்க மெஷின் என்ன நினைச்சுண்டிருக்கு?” என்று கேட்டார்.

வரைபடத்தை அனுப்பச் சொன்னேன். பிரமாதமான கைவேலை. அதில் மூன்று தரைகள் இருந்தன: மின்வழங்கிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. தரைகள் கண்ட இடத்தில் சேர்ந்தால் இரைச்சல் வரும் என்பதால், ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் அவற்றைச் சம்பந்திகளைப்போலத் தள்ளியே வைப்பார்கள். நிஜப் பெட்டியில் மூன்றும் கடைசியில் ஒரு திருகாணியில் வந்து சேரும். அந்தத் திருகாணியைத்தான் அவர் வரையவில்லை. எங்கிருந்து அளப்பது என்று தெரியாமல்தான் மென்பொருள் விடை சொல்ல மறுத்தது. நியாயமான மறுப்பு. பொத்தானோ கசிவுப் பாதைகளை வைத்து, இல்லாத தரையிலிருந்து ஓர் அளவை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஒரு கோடு போட்டு மூன்றையும் ஓரிடத்தில் இணைக்கச் சொன்னேன். பதினொரு வோல்ட் மறைந்து, இருக்க வேண்டிய பூஜ்யம் வந்தது. மறுமுனையில் அவர் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரல் வந்தது:

“நாப்பது வருஷமா ஆத்துல ஹம் வரப்படாதுன்னு பிரிச்சு வெச்சிண்டிருக்கேன், நீங்க ஒரே நிமிஷத்துல கல்யாணம் பண்ணி வெச்சுட்டேளே!”

பாதி மூடிய ரிலே

வடபழனியில் படப்பிடிப்பு விளக்குகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார் முருகேசன். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர். ஆனால் சுற்று வரைவதில் பல பட்டதாரிகளை விடச் சுத்தம். விளக்கு சூடானால் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று ஒரு சுற்று போட்டிருந்தார். பொத்தானை அழுத்தியபின் வந்த விடையைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்தார். “இன்னா மேடம் இது? ரிலே பாதி மூடிக்கினு, பாதி தொறந்துக்கினு கீதுன்னு போட்டுக்கீது. இருவது வருசமா ரிலே மாத்திக்கினு கீறேன், பாதி மூடின ரிலேவ நான் பாத்ததே இல்ல.”

புகாரை மூட எனக்கு இரண்டு நாள் இருந்தது. தவறைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நொடிதான் ஆகியிருக்கிறது. அவருடைய சுற்றில் ரிலே, ஒரு மயிரிழை வித்தியாசத்தில் முழுதாக மூடும் அல்லது முழுதாகத் திறக்கும்படி இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. ‘மூடியிருக்கிறது’ என்று ஊகித்தால் கணக்கு ‘திற’ என்கிறது. ‘திறந்திருக்கிறது’ என்று ஊகித்தால் ‘மூடு’ என்கிறது. மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடிக் களைத்துச் சிவப்பு வரி போட்டது. பொத்தான், பிழை வரம்பைத் தளர்த்தி, பஞ்சாயத்து பேசுவதுபோல நடுவில் ஒரு விடையைத் தீர்த்துவைத்தது. மூடும் புள்ளிக்கும் திறக்கும் புள்ளிக்கும் நிஜ ரிலேயில் இருக்கும் இடைவெளியைக் கொடுங்கள், மூடுவதற்கும் ஒரு சிறு சரிவு கொடுங்கள் என்றேன். கொடுத்தார். உடனே குவிந்தது. சிரித்துக்கொண்டே அவர் சொன்னது:

“ரிலேவே கொஞ்சம் மூச்சு வுட்டுதான் மூடும் மேடம், உங்க பச்சை பட்டனுக்குத்தான் அந்தப் பொறுமை இல்ல.”

பூஜைக்குப் பின்

மேற்கு மாம்பலத்தில் மின்தூக்கிகளுக்கான மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர், ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள் கழித்து அழைத்தார். அதுவரை ஒழுங்காக ஓடிய சுற்று ஓடவில்லை. ஒரு கோடுகூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்தார். மாற்றவில்லைதான். பூஜைக்கு மேசையைத் துடைத்து, திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கணிப்பொறிக்குள்ளும் வேண்டாத கோப்புகளைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார். அப்படிப் போனவற்றில் ஒன்று, முந்தைய ஓட்டத்தின் விடையைச் சேமித்திருந்த கோப்பு. சுற்று இவ்வளவு நாளும் புதிதாக விடை தேடவேயில்லை. பழைய விடையிலிருந்து ஓரடி நகர்ந்து நின்றுகொண்டிருந்தது. காப்புப் பிரதி இருந்தால் போட்டுவிடலாமே என்றார். போடலாம், ஆனால் நேற்றைய விடை இல்லாமல் நிற்கத் தெரியாத சுற்றில் என்னவோ கோளாறு இருக்கிறது, முதலில் அதைத் தேடுவோம் என்றேன். மறுநாள் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கிய ஒரு முனையைக் கண்டுபிடித்தோம். அவருக்கு அதில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதி:

“சாமி கும்பிட்ட கையோட படுத்துடுச்சு மேடம், இதை நான் வீட்ல எப்படிச் சொல்றது?”

சிவப்பில் ஒரு பெயர்

திங்கட்கிழமைதோறும் கூட்டம். சேகர் சுவரில் வரைபடத்தைக் காட்டுவார். பொத்தானால் மூடிய புகார்கள் பச்சை; இரண்டு நாள் கடந்தும் மூடாதவை சிவப்பு. ஐந்தாம் மாத இறுதியில் பச்சையெல்லாம் மற்றவர்கள், சிவப்பெல்லாம் நான். பொத்தானின் விடையை அப்படியே அனுப்பியிருந்தால் மயிலாப்பூர்க்காரர் நல்ல சுற்றைக் கலைத்திருப்பார், வடபழனி விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று தெரியாமல் எரிந்திருக்கும் என்றேன். அது வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் வரும் என்று சேகர் கேட்டார். எதிலும் வராது. கருகாமல் தப்பிய விளக்குக்கும் கலையாமல் தப்பிய ஆம்ப்ளிஃபயருக்கும் கட்டம் கிடையாது என்பதை, இதுபோன்ற தொழிலில் இருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் தெரிந்துகொள்வீர்கள்.

இன்னும் ஒரு மாதம்தான், அதற்குள் எண்ணிக்கை மாறாவிட்டால் நாற்காலி போகும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். போகட்டும், ஆனால் சரிபார்க்காத விடையில் என் பெயர் போகாது என்று நானும் தெளிவாகச் சொன்னேன். வெளியே வந்ததும் பக்கத்து மேசை பர்வீன் தோளைத் தட்டினாள்:

“ஏன்டி வசந்தி, பனகல் பார்க் சிக்னல்கூட நடுவுல கொஞ்சம் பச்சை காட்டும்டி!”

ஸ்டெல்லா டீச்சர்

அந்தக் கடைசி மாதத்தில்தான் அடையாற்றிலிருந்து ஸ்டெல்லா அழைத்தார். சாந்தோமில் வளர்ந்து, பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, பிறகு சில்லு, அதாவது சிப், வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர். அங்கே எல்லாரும் இன்னமும் அவரை டீச்சர் என்றுதான் அழைக்கிறார்கள். பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் வெப்பத் தட்டுக்கு ஒரு சில்லு செய்திருந்தார். அதற்குள் 1.2 வோல்ட் தரும் ஒரு சிறிய சுற்று இருக்கிறது; வெப்பத்தை அளக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். அது செத்திருந்தால், கருவியின் விளக்கு எரியும், தட்டு சூடாகாது. அந்தச் சுற்றுத்தான் குவியவில்லை. பொத்தானை அழுத்தினார், அழகாக 1.2 வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புகாரை நான் மூட வேண்டும். “எங்க குவாலிட்டி ஆளு, ஓப்பன் டிக்கெட் ஒண்ணு இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டான்மா. வெள்ளிக்கிழமை டிசைன் ஆலைக்குப் போகுது. இன்னிக்குத் திங்கள்.” போய்விட்டால் அதன்பின் ஒன்றையும் மாற்ற முடியாது.

நான் பொத்தானைத் தொடாமல் இரண்டு வழியில் ஓட்டிப் பார்த்தேன். கசிவுப் பாதைகளோடு தொடங்கி, அவற்றை மெல்ல மெல்லப் பிரித்து எடுத்தால் 1.2 வோல்ட். கசிவே இல்லாமல், மின்வழங்கியைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக உயர்த்திக்கொண்டே போனால், கடைசிவரை பூஜ்யம். இரண்டும் குவிந்தன, இரண்டும் கணக்குப்படி சரி. சுற்றுக்கு உட்கார இரண்டு இடங்கள் இருக்கின்றன, விழித்திருக்கும் இடம் ஒன்று, தூங்கும் இடம் ஒன்று என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “சரிம்மா, அப்ப முதல் வழியிலேயே ஓட்டிட வேண்டியதுதானே?” என்றார். “கம்ப்யூட்டர்ல ஓட்டலாம் டீச்சர். சில்லுல அந்தக் கசிவை யார் கட்டுவாங்க?” என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. மாதிரிச் சில்லுகள் மூன்று மாதமாக அவர் மேசைமேல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒருமுறைகூட ஒன்றும் செத்ததில்லை. கண்ணெதிரே ஓடுகிறதை ஓடாது என்று தொலைபேசியில் உட்கார்ந்து சொல்கிறேன் நான். எனக்கும் அந்த இடம் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். விளங்கும்வரை மூட மாட்டேன் என்றும் சொன்னேன். இணைப்பைத் துண்டிக்குமுன் அவர் கேட்டது:

“ஏம்மா வசந்தி, நீ எனக்கு உதவி பண்றியா, இல்ல வைவா வெக்கிறியா?”

மேசைமேல் மூன்று மாதம்

புதன்கிழமை காலை மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து நேராக அடையாற்றுக்குப் போனேன். சேகர் எனக்கு முன்பே வந்திருந்தார், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த. ஸ்டெல்லாவின் ஆய்வறையில் ஒரு மேசை, அதன்மேல் மாதிரிச் சில்லு பொருத்திய பலகை, மின்வழங்கி, ஓர் அலைகாட்டி. ஸ்டெல்லா சுவிட்சைத் தட்டினார்: 1.2. அணைத்துத் தட்டினார்: 1.2. பத்து முறை தட்டினார், பத்து முறையும் எழுந்தது. சேகர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் ஒரே தாவலில் ஏறிவிடுகிறது; அந்த அதிர்ச்சியில் சுற்று விழித்துக்கொள்ளலாம் என்றேன். கருவியில் அப்படி ஏறுவதில்லை. கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மெதுவாக ஏறும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆகவே மின்வழங்கியின் குமிழைப் பூஜ்யத்திலிருந்து கையால் மெல்லத் திருப்பச் சொன்னேன். ஸ்டெல்லா திருப்பினார். எழுந்தது. இன்னும் மெதுவாக. எழுந்தது. “மேடம், கெளம்பலாமா? டீச்சருக்கு வேலை இருக்கு” என்றார் சேகர். எனக்குக் காது சுட்டது. என் கணக்கு பூஜ்யம் என்கிறது, மேசை 1.2 என்கிறது. கணக்குக்கும் மேசைக்கும் நடுவில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று பலகையை மறுபடி பார்த்தேன். சோதனைக்காகச் சுற்றின் நடுவிலிருந்து வெளியே இழுத்திருந்த கம்பி ஒன்றில் அலைகாட்டியின் ப்ரோப் கவ்விக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். “எப்பவுமே. எழுந்துக்குதான்னு பாக்கணுமே!” என்றார். ப்ரோப் என்பது அளக்கும் கம்பிதான். ஆனால் அதன் வழியே தரைக்கு ஒரு மெல்லிய கசிவு இருக்கும். பொத்தான் கட்டுகிற அதே கசிவு.

“டீச்சர், அதை எடுத்துடுங்க. வெளியே வர்ற வோல்ட்டை மட்டும் மீட்டர்ல பாப்போம்.” எடுத்தார். குமிழை மெல்லத் திருப்பினார். வழங்கி முழு அளவுக்கு ஏறி நின்றது. மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. இரண்டாவது சில்லைப் பொருத்தினார்: பூஜ்யம். மூன்றாவது: பூஜ்யம். பிறகு ப்ரோப்பின் நுனியால் அந்தக் கம்பியை லேசாகத் தொட்டார். மீட்டர் துள்ளி 1.2 காட்டியது. அணைத்தார், மெல்ல ஏற்றினார், பூஜ்யம், தொட்டார், 1.2. நான்கைந்து முறை அப்படியே செய்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மூணு மாசமா நான் இதை டெஸ்ட் பண்ணல வசந்தி, தொட்டுத் தொட்டு எழுப்பிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”

மூன்றாவது கட்டம்

வெள்ளிக்கிழமை டிசைன் ஆலைக்குப் போகவில்லை. ஸ்டெல்லா தாமே தம் மேலதிகாரிகளிடம் போய், மூன்று மாதச் சோதனையும் செல்லாது என்று சொன்னார். அந்த அறைக்குள் நடந்துபோக எவ்வளவு திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறகு சுற்றோடு நான்கே டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு தொடக்கக் கிளையைச் சேர்த்தார்; தூங்கும் சுற்றைத் தட்டி எழுப்பிவிட்டுத் தானே விலகிக்கொள்ளும் கிளை அது. இப்போது நான் எந்த வழியில் ஓட்டினாலும் உட்கார ஒரே இடம்தான் இருந்தது. பதின்மூன்றாம் நாள் புகாரை மூடலாம் என்று படிவத்தைத் திறந்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: ‘பொத்தானால் தீர்ந்தது’, ‘பயனர் தவறு’.

பொத்தானால் தீரவில்லை, பொத்தானால் மறைந்தது. பயனர் தவறும் அல்ல. நாங்கள் கொடுத்த விடையை நம்பியது தவறென்றால் கடையை மூட வேண்டியது நாங்கள்தான். அப்படியே எழுதி, படிவத்தை மூடாமல் சேகருக்கு அனுப்பினேன். அவர் என் மேசைக்கு வந்தார். சோதனைக் காலம் முடிய இரண்டு நாள் இருக்கிறது, ஏதாவது ஒரு கட்டத்தில் குறியிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், குறியிட மாட்டேன் என்றேன். “நீங்களும் அந்த மீட்டரைப் பாத்தீங்க சேகர்.” வேறு மேலாளராக இருந்திருந்தால் பார்த்ததை மறந்திருப்பார். சேகர் தலைமை அலுவலகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். முதல் முறையாக அதில் வரைபடமே இல்லை.

இப்போது படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது: ‘விடை வந்தது, நம்பத்தக்கது அல்ல’. பொத்தானும் இருக்கிறது. ஆனால் அழுத்தியதும், எந்த வரம்பைத் தளர்த்தியது, எங்கெங்கே கசிவு கட்டியது என்று ஒரு பட்டியலைத் திரையில் காட்டித்தான் விடையைக் கொடுக்கிறது. பட்டியலைப் பார்த்து மிரண்டவர்களிடமிருந்து முன்னைவிட அதிகமாக எனக்கு அழைப்புகள் வருகின்றன. நாற்காலி அங்கேயே இருக்கிறது. இரண்டு நாள் கெடுவும் அங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமைகளில் என் பெயர் இன்னமும் சிவப்பில்தான். போன வாரம் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபிறகு சேகர் என்னிடம் மட்டும் சொன்னார்:

“உங்க சீட்டை எடுக்கலை மேடம், அந்தச் சிவப்பை எடுக்க மட்டும் என்னைக் கேக்காதீங்க, பாக்கப் பழகிடுச்சு.”

இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்தச் சுற்றுக்கும் தானாகப் பொய் சொல்லத் தெரியாது, அதற்கு நம் உதவி தேவைப்படுகிறது, உதவி செய்வதையே தொழிலாகக் கொண்ட நான் அந்த ஒன்றை மட்டும் செய்து தருவதில்லை.